ஓடும் தண்ணீரில் டிராகுலா

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் லாரன்ஸ் ரோடு. சைக்கிளை மிதித்தால் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை. முத்து காமிக்ஸிலோ லாரன்ஸ், டேவிட் என்று இரண்டு துப்பறிவாளர்கள். எங்கள் தெருப் பையன்களில் ஒருவனுக்கும் இதில் சந்தேகம் வந்ததில்லை. ரோடு லாரன்ஸுக்குச் சொந்தம், கோட்டை டேவிட்டுக்குச் சொந்தம், இரண்டு பேரும் நம்ம கடலூர்க்காரர்கள். கோட்டை என்று சொல்ல அங்கே பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துப் போட்டது என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் கணக்கில் லாலியும் ஒரு முத்து காமிக்ஸ் வில்லன்.

ஊரையே காமிக்ஸின் கண்ணால் பார்த்த வயது அது. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸ் எங்கள் அண்ணன்மார்களுடையது. கைமாறிக் கைமாறி அட்டை போய்த்தான் எங்களிடம் வந்து சேரும். 1984 ஜூலையில் லயனும் ராணியும் ஒரே மாதத்தில் வந்தன. அவை எங்களுடையவை. மாடஸ்டி பிளைசியோடு லயன், ஜேம்ஸ் பாண்டோடு ராணி. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காற்றில் அட்டை திரும்பினால் பின்பக்கத்தில் அடுத்த இதழ் விளம்பரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம்.

1986-ல் அந்தக் கயிற்றில் திகில் காமிக்ஸ் வந்து தொங்கியது. லயனை நடத்திய பிரகாஷ் பப்ளிஷர்ஸின் வெளியீடுதான். எஸ். விஜயன்தான் ஆசிரியர். பேட்மேன் அதில் தமிழ் பேசினார். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது கறுப்புக் கிழவி. சின்னச் சின்னப் பேய்க்கதைகளாகச் சொல்லிக்கொண்டு வருவாள். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான். ஒருவன் பேராசைப்படுவான், ஒருத்தி பழைய கண்ணாடியை வாங்குவாள், கடைசிக் கட்டத்தில் அவர்களுக்கு நேர்ந்ததைக் கிழவி நம் முகத்துக்கு நேரே காட்டுவாள். அதற்கு முன்னால் என் கண்ணில் பட்ட பேய் ஒன்றே ஒன்றுதான்: அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த வேதாளம். விக்கிரமாதித்தன் தோளில் பிணம் தலைகீழாகத் தொங்கும், வாளை உருவியபடி அவன் சுடுகாட்டைக் கடப்பான். அந்தப் பிணம் பயமுறுத்தவில்லை. மாதாமாதம் பார்த்துப் பழகிய உறவுக்காரர்போல ஆகிவிட்டது. கிழவி அப்படியில்லை. அவள் புத்தகத்தைப் படுக்கும் அறையில் வைக்க என் தங்கை ஒருநாளும் விட்டதில்லை.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மஞ்சக்குப்பத்தில் அலுவலக வேலை. எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதில் அவருக்குத் தடை ஏதும் இல்லை, பேய்ப் படம் தவிர. 1985-ல் ‘யார்?’ வந்தபோது கெடிலம் பாலத்துச் சுவர் நெடுக அதன் போஸ்டர். பாலத்தைக் கடக்கிற நேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே போவேன். படத்துக்குப் போக முடியாதவனுக்குக் கிடைப்பது பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். மெல்லிய நியூஸ் பிரிண்ட், அட்டையில் நாயகன் நாயகி, உள்ளே கதைச் சுருக்கம். அந்தச் சுருக்கம் நல்ல கட்டத்துக்கு வந்ததும் நின்றுபோகும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க.’ எத்தனை படங்களின் பாதி எனக்குத் தெரியும், மீதி தெரியாது! பேய் வந்தது தெரியும், எதற்கு வந்தது தெரியாது. மாளிகைக்கு யாரோ போனது தெரியும், திரும்பினார்களா தெரியாது.

அந்த மீதிக்காகத்தான் நான் சேகரிக்க ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பேய்ப் படத்தைப் படக்கதையாக, முதலிலிருந்து முடிவு வரை போட்ட புத்தகம் உலகத்தில் உண்டு என்பதைச் சிதம்பரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை வீடு சிதம்பரத்தில். மாமாவுக்கு அண்ணாமலை நகரில் வேலை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் பெரியவர்களோடு போவேன், முழுப்பரீட்சை விடுமுறைக்குத் தனியாகவே போவேன். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகப் பேருந்து ஓ.டி. என்கிற ஓல்டு டவுனைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போய் வெள்ளாற்றுப் பாலம் ஏறும். கோபுரம் கண்ணில் பட்டதும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் போட்டுக்கொள்வேன், ஆனால் நினைப்பு முழுக்க வடக்கு வீதிப் பக்கத்துச் சந்தில் இருந்த பழைய பேப்பர் கடையில் இருக்கும்.

அந்தக் கடைக்கு ஏன் அப்படி ஒரு வளம் என்று அப்போது யோசித்ததில்லை. பக்கத்திலேயே பல்கலைக்கழகம், ஆயிரக்கணக்கில் மாணவர்கள் தங்கும் விடுதிகள். 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் வந்து படித்தார்கள். படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும்போது அவர்கள் கொண்டுவந்த பத்திரிகை, நாவல், காமிக்ஸ் எல்லாம் கட்டுக் கட்டாக எடைக்கு வரும். கடைக்காரரை எல்லாரும் ‘பாய்’ என்று கூப்பிடுவார்கள். சைக்கிள் டியூப்பை அறுத்த ரப்பரால் கட்டிய அந்தக் கட்டுகளைப் பிரிக்க என்னை விடுவார்.

“இன்னா தம்பி, கடலூர்லேர்ந்து வந்தாச்சா? பேய் புஸ்தவம் ஒண்ணு ஒனக்குன்னே தனியா எடுத்து வெச்சிருக்கேன், பாரு.”

“எவ்ளோ பாய்?”

“தராசுல வையி. தராசு சொல்றதக் குடு.”

எங்கள் சிவகாசிப் புத்தகங்கள் தராசில் தாழவே தாழாது. வழவழப்புத் தாளில் வந்த வெளிநாட்டுப் புத்தகம் முள்ளைச் சட்டென்று இறக்கிவிடும். அதனால் எனக்கு மட்டமான தாளில் அச்சான புத்தகத்தின் மேல் தனிப் பிரியம் வந்தது. கையில் இருக்கிற காசுக்கு அதுதான் இரண்டாகக் கிடைக்கும்.

அப்படிக் கிடைத்ததுதான் முன்னட்டை இல்லாத, கறுப்பு வெள்ளையில் அச்சான ஓர் இங்கிலாந்துப் பத்திரிகை. நடுவில் பல பக்கங்களுக்குப் படக்கதை. மையால் எழுப்பிய இருட்டு, அதற்குள் நெட்டையாக ஒருவன், சிவப்பு அச்சிடாமலே சிவப்பாகத் தெரிந்த அவன் கண். அது ‘ஹவுஸ் ஆஃப் ஹாமர்’ என்ற பத்திரிகை என்பதும், 1976-ல் டெஸ் ஸ்கின் என்பவர் ஆசிரியராக இருந்து தொடங்கியது என்பதும், நான் பார்த்தது 1966-ல் வந்த ‘டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னெஸ்’ படத்தின் படக்கதை வடிவம் என்பதும், வரைந்தவர் ஜான் போல்டன் என்பதும் பெரியவனான பின் ஒவ்வொன்றாகத் தெரிந்தவை. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது சினிமா. டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் எவரோ ஒரு நடிகர் நடித்ததைப் பார்த்து வரைந்த முகம் அது என்று சட்டென்று பிடிபட்டது.

அத்தானும் நானும் மாடியில் உட்கார்ந்து லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு படித்தோம். அத்தை மகன்தான், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒவ்வொரு வசன பலூனாகத் தமிழாக்கிச் சொல்வார். தெரியாத சொல் வந்தால் எனக்கு அகராதி வேலை. ஒரு கட்டத்தில், சாம்பலாகக் கிடக்கும் டிராகுலாவின் மேல் மனித ரத்தத்தை ஊற்றுகிறார்கள். சாம்பல் புகைந்து, உருண்டு, கை முளைக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் அத்தான் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார். படமே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பலாமா வேண்டாமா என்பது என் விரலில் இருந்தது. தியேட்டரில் அந்த உரிமை இல்லை, அங்கே பயம் தன் வேகத்தில் வந்துவிட்டுப் போகும். புத்தகத்தில் நாம் அழைத்தால்தான் வரும். பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பேய்ப் புத்தகத்தைப் பிடுங்கி வைக்கும் பெரியவர்கள் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

“வெளக்க அணைச்சிட்டு வாங்கடா, மணி என்னாவுது!” என்று கீழேயிருந்து அத்தை குரல் வரும்.

“அம்மா, இன்னும் ரெண்டே பக்கம்” என்பார் அத்தான். அந்த ரெண்டு பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

கதையின் முடிவில் டிராகுலா கோட்டையைச் சுற்றிய அகழியின் மேல் நிற்கிறான். அகழி உறைந்து பனிப்பாளமாக இருக்கிறது. துப்பாக்கியால் சுட்டுப் பாளத்தை உடைக்கிறார்கள். அடியில் ஓடுகிற தண்ணீர். ஓடும் தண்ணீர் அவனுக்கு எமன், அதில் அமிழ்ந்து போகிறான். பனி உறைந்த நீர்நிலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நான் அறிந்த பனிக்கட்டி ஓ.டி. துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு உடைத்துப் போடுகிற ஐஸ் பார். கட்டையால் அடித்தால் அது நீளமாக விரிசல் விடும், உள்ளே வெள்ளையாக நரம்போடும். டிராகுலாவின் காலடியில் அந்த ஐஸ் பாரைத்தான் பார்த்தேன். இன்றைக்கும் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தால் கடைசிக் காட்சியில் சங்கரா மீன் வாசனை அடிக்கிறது.

கடலூருக்குத் திரும்பியதும் இந்த ஓடும் தண்ணீர்ச் செய்தி பெரிய உபயோகமாக இருந்தது. எங்கள் திருப்பாதிரிப்புலியூர் கெடிலத்துக்குத் தெற்கே. ஆற்றுக்கு வடக்கேதான் மஞ்சக்குப்பமும் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாக்களும், ராபர்ட் கிளைவ் வாழ்ந்ததாகச் சொல்லும் கார்டன் ஹவுஸும். சீமைப் பேய் வந்தால் சீமைக்காரன் கட்டிய வீட்டில்தானே தங்கும்? அது எங்கள் தெருவுக்கு வர வேண்டுமென்றால் கெடிலத்தைக் கடக்க வேண்டும். பாலம் வழியாக வந்தாலும் கீழே ஓடுகிற தண்ணீர் விடாது. தங்கையிடம் இதை விளக்கிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அண்ணா, இப்ப ஆத்துல தண்ணி எங்க இருக்குது?” என்றாள்.

சித்திரை மாதம். கெடிலம் முழுக்க மணல். பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை வந்து ஆறு நிறைகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மாலை ஆறு மணிக்கு மேல் பாலத்துப் பக்கம் போகவில்லை. முதல் வெள்ளம் செம்மண் நிறத்தில் நுரைத்து வந்தபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. எங்களைப்போல் நிம்மதியாகப் பார்த்தவர்கள் இருக்க முடியாது. பிறகு கல்லூரிக் காலத்தில் பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலைப் படித்தேன். ஓடும் நீரை ரத்தக் காட்டேரி கடலேற்றம் நிற்கும் வேளையிலோ பொங்கும் வேளையிலோ மட்டுமே கடக்க முடியும் என்று அதில் வருகிறது. தேவனாம்பட்டினம் முகத்துவாரத்தில் கடல் ஆற்றுக்குள் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வரி கட்டுக்கதையாகப் படவில்லை.

இன்னொரு புத்தகமும் அதே கடையில் கிடைத்தது. கனமான தாள், பெரிய அளவு, முழு வண்ணம். தராசு முள் இறங்கிய இறக்கத்தில் என்னிடமிருந்த திருவாதிரைக் காசு மொத்தமும் போயிற்று. ‘ஏலியன்’ படத்தின் படக்கதை, ஆர்ச்சி குட்வின் எழுத, வால்டர் சைமன்சன் வரைந்து 1979-ல் வந்தது. படமும் அதே ஆண்டுதான். காமிக்ஸ் புத்தகம் ஒன்று முதன்முதலாக நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது இதன் மூலம்தான் என்று பின்னால் படித்தேன். மார்பைப் பிளந்துகொண்டு அந்த ஜந்து வெளிவருகிற பக்கத்தை ஈர்க்குச்சி குத்தி மூடிவிட்டேன், தெரியாமல் திறந்துவிடக் கூடாதென்று. என் கணிப்பில் படத்தை அப்படியே தாளில் இறக்குவதைவிடக் கட்டங்களின் அளவால் நெஞ்சைப் பிடிப்பதுதான் இந்தக் கலையின் உச்சம். சைமன்சன் அதைச் செய்திருக்கிறார். ஒடுக்கமான கட்டங்கள் அடுக்கடுக்காக வரும். மூச்சு முட்டும். அப்புறம்தான் அந்தப் பெரிய கட்டம் திறக்கும்.

தமிழில் இப்படி ஏன் யாரும் போடவில்லை என்று அத்தானிடம் கேட்டேன். “நாமளே போடுவோம்டா” என்றார். சொன்னபடி செய்தோம். 1989-ல் வேலு பிரபாகரன் இயக்கத்தில் ‘நாளைய மனிதன்’ வந்தது. செத்தவனை எழுப்பும் மருந்து, எழுந்தவன் கொலைகாரனாகிறான். அத்தான் சிதம்பரத்தில் படம் பார்த்துவிட்டு வந்தார், அவருக்குத் தடையில்லை. ஞானப்பிரகாசம் குளத்துப் படியில் உட்கார்ந்து எனக்குக் காட்சி காட்சியாகச் சொன்னார். நான் கோடு போடாத நோட்டில் வரைந்துகொண்டே வந்தேன். தினத்தந்தி வெள்ளிக்கிழமை விளம்பரங்களிலிருந்து முகங்களை வெட்டி எடுத்து மைதாப் பசையில் ஒட்டினோம். பாட்டுப் புத்தகத்து அட்டையை எங்கள் அட்டையாக வைத்தோம். உடம்பை நான் வரைவேன், தலை விளம்பரத்திலிருந்து வரும். நடிகரின் தலை எப்போதும் ஒரே பக்கம் பார்க்கும் என்பதால் எங்கள் பேய் எந்தக் கட்டத்திலும் இடதுபக்கம் மட்டுமே திரும்பியிருந்தது. அதுவே ஒரு கோரமாக அமைந்துவிட்டது.

அடுத்த வருடம் ‘அதிசய மனிதன்’. 1991-ல் ‘தி ஓமன்’ கதையைத் தமிழாக்கிய ‘ஜென்ம நட்சத்திரம்’. அந்தப் படத்துப் பிள்ளையை எப்படி வரைவதென்று எனக்கு விளங்கவில்லை.

“அந்தப் பையன் எப்பிடி இருந்தான் அத்தான்? பல்லு நீட்டா இருந்துதா?”

“பல்லும் இல்ல, ஒண்ணும் இல்லடா. நம்ம பக்கத்து வீட்டுப் புள்ள மாதிரி நல்லா சிரிச்சான். அதாண்டா பயம்.”

சிரிக்கிற பிள்ளையை வரைந்தேன். கட்டத்தில் வேறு எவரும் சிரிக்காதபடி பார்த்துக்கொண்டேன். அத்தான் நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வருடங்கள் கழித்து அந்தப் படங்களை நானே பார்த்தேன். எங்கள் நோட்டில் இருந்த பல காட்சிகள் படத்தில் இல்லவே இல்லை. அத்தான் தன் பங்குக்குச் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

அமெரிக்காவில் டெல் நிறுவனம் 1962, 63 ஆண்டுகளில் மம்மி, டிராகுலா, பிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனிதன் என்று யுனிவர்சல் படங்களின் பேய்களை வரிசையாகக் காமிக்ஸாக வெளியிட்டது. அவற்றில் ஒன்றிரண்டை வெளிநாட்டு நண்பர் ஒருவர் பின்னாளில் அனுப்பித் தந்தார். அவற்றிலும் படத்தின் கதையைத் தேடினால் கிடைக்காது. முகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கதையை வேறு மாதிரி பின்னியிருப்பார்கள். வீடியோ இல்லாத காலத்தில் தியேட்டரைவிட்டுப் போன படத்தைக் கையில் வைத்திருக்க அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் வேறு வழி இருக்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே ரத்தக் காட்டேரியை வரைவது பெரும்பாலான பதிப்பகங்களுக்குத் தடை. 1954-ல் வந்த காமிக்ஸ் நெறிமுறை காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றையும் விலக்கிவைத்தது, 1971-ல்தான் தளர்ந்தது. டெல் அந்த நெறிமுறைக்குள் சேராததால் தப்பித்தது. இங்கிலாந்து 1955-ல் சட்டமே போட்டது. அதை ஒட்டி இந்தியாவிலும் 1956-ல் இளையோருக்குத் தீங்கு செய்யும் வெளியீடுகளைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. கோரமான சம்பவங்களைச் சொல்லும் கதைப் புத்தகங்களும் அதில் அடக்கம். என் வகுப்பாசிரியர் ஒருவர் கறுப்புக் கிழவியைப் பறித்து அலமாரியில் பூட்டினார். அவருக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. கணக்கு வகுப்பில் படித்தேன் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. புத்தகம் திரும்பி வரவில்லை.

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போடுகிற காலம் வந்ததும் இந்தப் புத்தகங்களின் மவுசு குறைந்தது. ஊரெல்லாம் ‘ஈவில் டெட்’ பற்றியே பேச்சு. தியேட்டரில் தனியாக உட்கார்ந்து முழுப்படத்தையும் பார்ப்பவனுக்குப் பரிசு தருவார்களாம் என்று ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு பையன் சொல்லுவான். 1981-ல் எடுத்த அந்தப் படம் 2008-ல் டார்க் ஹார்ஸ் வெளியீடாகக் காமிக்ஸ் ஆயிற்று. வரைந்தவர் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஜான் போல்டன். சிதம்பரத்து மாடியில் சாம்பலிலிருந்து டிராகுலாவுக்குக் கை முளைக்க வைத்த அதே ஆள்.

2011 டிசம்பர் 30-ம் தேதி காலை தானே புயல் கடலூரைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. டிரங்குப் பெட்டியில் இருந்த புத்தகங்களில் மேலடுக்கு நனைந்து பாளமாகிவிட்டது. வழவழப்புத் தாள் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரியும். நியூஸ் பிரிண்ட் அப்படியில்லை, உப்பினாலும் காய்ந்ததும் பிரியும். சிவகாசிப் புத்தகங்கள் பிழைத்தன. ‘ஏலியன்’ போய்விட்டது. பழைய காமிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: புயலைவிடப் பெரிய எதிரி நடுவில் இருக்கும் பின். கடலோர ஊரில் அது சீக்கிரம் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைப் பழுப்பாக அரித்துவிடும். பின்னை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைத்து வையுங்கள்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீஸ்களையும் பாதுகாத்து வைத்திருப்பதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. நம் திகில் காமிக்ஸ்களுக்கும் அப்படி ஓர் இடம் எல்லா மாவட்ட நூலகங்களிலும் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு தலைமுறையின் பயம் எப்படி இருந்தது என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

இவ்வளவையும் தேடித் திரிந்தவன் என் தெருவையே தாமதமாகத்தான் அறிந்தேன். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். பிணத்தை எழுப்புகிற கதையை நாங்கள் மைதாப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்ததற்கு எவ்வளவோ காலம் முன்பே எங்கள் ஊரில் பிறந்தவர் அதைச் செய்து முடித்திருந்தார். ‘செவ்வாய் தோஷம்’ என்று ரத்தக் காட்டேரிக் கதையும் எழுதியிருக்கிறார். டிராகுலாவுக்கு மஞ்சக்குப்பத்துப் பங்களாவை ஒதுக்கிவைத்தவன் நான். நம் கிராமத்துக்கும் காட்டேரி வரும் என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவருடைய ‘காஞ்சனை’ என்ற பேய்க்கதையைப் படக்கதையாக யாராவது போட வேண்டும். கறுப்பு வெள்ளையில்தான் போட வேண்டும், வண்ணம் வேண்டாம். வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணின் முகத்தைக் கோரமாக்கிவிடக் கூடாது. அத்தான் சொன்ன பையனைப்போலச் சிரிக்கட்டும். கதை சொல்பவரின் மனைவி கழுத்தில் தெரியும் அந்த ஒரு துளி ரத்தத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று வரைகிறவர் நன்றாக யோசிக்க வேண்டும். வலதுபக்கத் தாளில் வைத்தால் முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும். புரட்டினால்தான் தெரிகிற இடதுபக்கத்தில் வைக்க வேண்டும். அதைவிடக் கஷ்டம், அந்தக் கதையில் பயம் முதலில் நாற்றமாக வருகிறது, நடுராத்திரியில், பிணம் எரிகிற நாற்றமாக. கட்டத்துக்குள் சத்தத்தை எழுத்தால் காட்டிவிடலாம். நாற்றத்தை எப்படிக் காட்டுவது? தூக்கத்தில் ஒருவர் மூக்கைச் சுளிப்பது ஒரு கட்டம், ஜன்னல் ஒரு கட்டம், திரி குறைந்த விளக்கு ஒரு கட்டம், ஒன்றிலும் எழுத்தே இல்லாமல் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. கைதேர்ந்த ஓவியர் இதைவிட நல்ல வழி கண்டுபிடிப்பார். புத்தகம் எப்போது வந்தாலும் இரண்டு பிரதி வாங்குவேன். ஒன்று அத்தானுக்கு.